அரசியல் குடும்பம் மேடையில் பாடும்போது: இசை நாடகம் பார்த்துவிட்டு எப்படிப் பேசுவது

அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" அல்லது "சுமார்" என்று ஒரு பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும், எம்ஆர்டி ரயிலில் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். சாதாரண நாடகத்துக்கு அது போதும். ஆனால் ஒரு நாட்டை ஆண்ட குடும்பத்தைப் பற்றி, ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பாட்டும் ஆட்டமுமாக இரண்டு மணி நேரம் பார்த்திருக்கிறோம் என்றால் அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இப்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: "எந்த இடத்தில் கைதட்டினீங்க? எந்த இடத்தில் கை எழும்பவில்லை?"

இந்தக் கேள்வி எனக்குக் கிடைத்தது 2023 ஆகஸ்டில், நியூயார்க்கில். அக்காவும் அத்தானும் அங்கே இருக்கிறார்கள், அவர்களோடு பிராட்வேயில் 'ஹியர் லைஸ் லவ்' பார்க்கப் போனேன். பிலிப்பீன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மனைவி இமெல்டாவின் கதை, டேவிட் பைர்னும் ஃபேட்பாய் ஸ்லிம்மும் போட்ட டிஸ்கோ பாட்டுகள், பிராட்வேயில் முதன்முறையாக நடிகர்கள் அனைவரும் பிலிப்பினோக்கள். கீழ்த்தளத்து நாற்காலிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தை டிஸ்கோ கூடமாகவே மாற்றியிருந்தார்கள். நின்று பார்க்கும் சீட்டு வாங்கியவர்களைச் சுற்றி மேடை நகரும், ஊழியர்கள் ஒளிரும் கோலைக் காட்டி நம்மை இங்கும் அங்கும் தள்ளிப் போகச் சொல்வார்கள், டிஜே நமக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். நான் ஆடினேன். மார்கோஸ் தேர்தலில் நிற்கும் காட்சியில் கூட்டத்தோடு சேர்ந்து ஆரவாரமும் செய்தேன். அப்புறம் ராணுவச் சட்டம் வந்தபோதுதான் பக்கத்தில் நின்ற ஒரு வயதான பிலிப்பினோ அம்மாவைக் கவனித்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யோசித்துப் பார்த்தால், முதல் பாட்டிலிருந்தே அவர் ஆடவில்லை. கடைசியில் மார்கோஸை விரட்டிய 1986 மக்கள் எழுச்சியைப் பார்த்தவர்களின் சொற்களை வைத்துக் கிட்டாரோடு மெதுவாக ஒரு பாட்டு வரும், அதில் அவர் அழுதார்.

வெளியே வந்ததும் அக்கா "பாட்டெல்லாம் அருமை" என்றார், அத்தான் "கொள்ளையடிச்சவங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்றார், வீடு போய்ச் சேரும் வரை சண்டை. இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருந்தது, ஆனால் இரண்டு பேரும் தங்கள் முடிவைச் சொன்னார்களே தவிர உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. நாம் ஆடினோமே, அதை யாரும் பேசவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த இரவில் பேச வேண்டியதே அதுதான். சிங்கப்பூர் திரும்பிய பிறகு, வீட்டில் நாலைந்து பேரைக் கூட்டி, 2014இல் வந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுப் பேச ஆரம்பித்தேன். தோ பாயோ மூவறை வீட்டுக்கு அதுவே பெரிய கூட்டம். அப்படிப் பேசிப் பேசிக் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் வேலை, பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தாளில் ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் புத்தகமாகப் படிக்க வேண்டாம். மார்கோஸ் என்றால் 1965இல் தேர்தலில் வெற்றி, 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம், 1983 ஆகஸ்ட் 21ஆம் தேதி மணிலா விமான நிலையத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டது, 1986 பிப்ரவரியில் குடும்பம் ஹவாய்க்கு ஓடியது, 1989இல் மார்கோஸ் அங்கேயே இறந்தது, 2022இல் மகன் போங்போங் அதிபரானது. ஆறே ஆறு வரி. அதோடு ஓர் எண்: ராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டவர்கள் 11,103 பேர். இந்தத் தாள் பையில் இருந்தால் பாட்டின் வேகத்தில் எந்த ஆண்டு காணாமல் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தத் தாளில் நாடகம் எப்போது போடப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பார்வையாளர்கள் ஒரு தேதியில் இருந்துதான் பார்க்கிறார்கள். 'ஹியர் லைஸ் லவ்' 2013இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் வந்தபோது அது முடிந்துபோன ஒரு குடும்பத்தின் கதை என்று நினைத்து ஆட முடிந்தது. 2023 ஜூலையில் பிராட்வேக்கு வந்தபோது மகன் அதிபர் நாற்காலியில் இருக்கிறார். பெரும்பாலும் அதே பாட்டுகள், ஆனால் கேட்கிற காது மாறிவிட்டது. இப்படி ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டு ஆட வைக்கலாமா என்ற கேள்வி முன்னாலும் இருந்தது, மகன் ஆட்சியில் இருக்கும்போது அது இன்னும் கூர்மையாகிவிட்டது. நவம்பர் 26ஆம் தேதி அந்தத் தயாரிப்பு முடிந்தும் போனது.

நம் ஊரிலும் இதைப் பார்த்தோம். 'தி எல்கேஒய் மியூசிக்கல்' மரினா பே சாண்ட்ஸில் மேடையேறியது 2015 ஜூலையில். நாடகத்தின் நாயகர், சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ மறைந்தது அதே ஆண்டு மார்ச் 23ஆம் தேதி. அவருக்கு அஞ்சலி செலுத்த நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நான்கு மாதம் கழித்து அதே மனத்தோடு அரங்கில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே வந்த கண்ணீரில் எவ்வளவு நாடகத்துக்கு, எவ்வளவு மார்ச் மாதத்துக்கு என்று பிரிக்கவே முடியாது, பிரிக்கவும் வேண்டாம். ஆனால் பேசும்போது அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கதை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், பார்வையாளர்கள் எப்படி உணர்ந்து வெளியே போக வேண்டும் என்பதைப் பாதி தீர்மானிப்பது இதுதான். எல்கேஒய் நாடகம் 1965 தனிநாடானதோடு நிற்கிறது. போராட்ட காலம், கனவு, காதல், பிரிவு எல்லாம் உள்ளே வந்துவிடும், ஆட்சி செய்த ஆண்டுகள் திரைக்கு வெளியே போய்விடும். அதே நாடகத்தில் இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங்கும் வருகிறார். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி 'ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் கைது செய்யப்பட்டவர். அவர் மேடைக்கு வரும்போது உங்கள் பக்கத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரரின் முகத்தைப் பாருங்கள், இருபது வயதுக்காரரின் முகத்தையும் பாருங்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் பேச வைத்தால் அதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

மூன்றாவது, கட்டியங்காரனைத் தேடுங்கள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. ராஜா மேடையில் எவ்வளவு வீரமாக அடவு போட்டாலும் பக்கத்தில் கட்டியங்காரன் ஒரு கேலி பேசி அவரைத் தரைக்கு இறக்கிவிடுவான். அரசியல் குடும்பத்தைப் பற்றிய இசை நாடகங்களிலும் பெரும்பாலும் அப்படி ஓர் ஆள் இருப்பார். அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஏவா பெரோனைப் பற்றிய 'எவிட்டா'வில் அவர் பெயர் சே, ஏவா பாடப் பாட கூடவே கேள்வி கேட்டுக்கொண்டு வருவார். 'ஹியர் லைஸ் லவ்'வில் அந்த இடத்தில் டிஜே இருக்கிறார், ஆனால் அவருடைய வேலை பெரும்பாலும் நம்மை ஆட வைப்பது. கட்டியங்காரனே ராஜாவின் பக்கம் இருந்தால் கேள்வி கேட்கும் பொறுப்பு முழுக்கப் பார்ப்பவர் தலையில் விழுகிறது. சிலருக்கு அது பிடிக்கிறது, ஏமாந்ததை உடம்பாலேயே உணர்ந்தேன் என்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. யாருக்கு எது வந்தது என்று கேட்டு வையுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தின் ஆட்சியில் வாழ்ந்தவர் ஒருவராவது பேச்சில் இருக்க வேண்டும், சிங்கப்பூரில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் ரோட்டில் பிலிப்பினோக்கள் கூடும் லக்கி பிளாசா பக்கம் போனாலே தெரியும். எங்கள் புளோக்கில் ஒரு பிலிப்பினோ தாதி இருக்கிறார், நாங்கள் அவரை "ஆத்தே" என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். ஊர் லேய்த்தே தீவு, இமெல்டா வளர்ந்த தக்லோபான் பக்கம். முதல் தடவை அவரைக் கூப்பிட்டபோது நான் ஒரு தப்பு செய்தேன், எல்லார் முன்னாலும் "மார்கோஸ் நல்லவரா கெட்டவரா, நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாட்டின் வழக்கில் ஒற்றை ஆளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது மாதிரி அது, இன்னமும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் முறை "உங்க ஊர்ல இருந்து எதை நினைச்சா பெருமையா இருக்கும்?" என்று கேட்டேன். உடனே சான் ஹுவானிக்கோ பாலம் என்றார். லேய்த்தேயையும் சாமாரையும் இணைக்கும் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகம், 1973இல் திறக்கப்பட்டது, மார்கோஸ் மனைவிக்குக் கொடுத்த பரிசு என்று ஊரில் சொல்வார்களாம். அவருடைய அம்மா அதில் நடந்து போன கதையைச் சொன்னார்.

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், அந்தப் பாலத்தின் பெயரில் ஒரு சித்திரவதையும் இருந்தது என்று. கைதியின் தலையை ஒரு கட்டிலிலும் காலை இன்னொரு கட்டிலிலும் வைத்து நடுவில் உடம்பைப் பாலம் மாதிரி நிற்க வைப்பார்கள், உடம்பு தொய்ந்தால் அடி. சிறையிலிருந்து மீண்டவர்கள் பதிவு செய்திருக்கும் கொடுமை இது. எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரும் பேசவில்லை. ஒரே பெயர், ஒருவருக்கு அம்மா நடந்து போன பாலம், இன்னொருவருக்கு முதுகெலும்பு. ஆத்தேக்கு இரண்டுமே தெரியும், இரண்டையும் சேர்த்துத்தான் அவர் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறார். ஆகவே வாழ்ந்தவர்களிடம் தீர்ப்பு கேட்காதீர்கள், ஓர் இடத்தை, ஒரு பொருளை, ஒரு நாளைக் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கைதட்டலைப் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் வரும். பாடியவருக்குத் தட்டினோமா, பாடப்பட்டவருக்குத் தட்டினோமா? இதை அங்கேயே பிரித்துப் பேசிவிட்டால் பாதி சண்டை குறையும். 2025 கோடையில் லண்டன் பல்லேடியத்தில் 'எவிட்டா' நடந்தபோது ரேச்சல் ஸெக்லர் அந்தப் புகழ்பெற்ற பால்கனிப் பாட்டை அரங்கின் வெளி மாடத்தில் நின்று தெருவில் இருந்தவர்களைப் பார்த்துப் பாடினார், உள்ளே சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்கள் அதைத் திரையில்தான் பார்த்தார்கள். பணம் கொடுத்தவனுக்குத் திரையா என்று சிலருக்குக் கோபம், தெருவில் நின்றவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகத் தெரிகிறது, ஏனென்றால் தெருவில் நின்று கைதட்டிய கூட்டம் தனக்கே தெரியாமல் பெரோன் ஆதரவுக் கூட்டமாக நடித்துக்கொடுத்தது. நீங்கள் பார்க்கும் நாடகத்தில் உங்களுக்கு என்ன வேடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: தொண்டரா, வாக்காளரா, நீதிபதியா, சும்மா வேடிக்கை பார்ப்பவரா?

நம் வீட்டுப் பெரியவர்கள் "அது வேற நாட்டு விஷயம், நமக்கென்ன" என்று ஒதுங்கினால் ஒரு வழி இருக்கிறது. மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த அதே 1972இல்தான், அடுத்த மாதமே, தமிழ்நாட்டில் எம்ஜிஆர் திமுகவிலிருந்து பிரிந்து தனிக்கட்சி தொடங்கினார். சிங்கப்பூரில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பிரிவு சாப்பாட்டு மேசை வரை வந்தது. "உங்க தலைவரோட கதையை வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் டிஸ்கோ பாட்டா போட்டா, எந்தக் காட்சியில எழுந்து வெளியே போவீங்க?" என்று கேளுங்கள். எங்கள் சித்தப்பா இதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். அதன் பிறகு ஆத்தேயின் மௌனம் அவருக்குப் புரிந்தது, அவரே எழுந்து போய் அவருக்கு இன்னொரு தேநீர் போட்டுக் கொடுத்தார்.

மற்றபடி நடைமுறை விஷயங்கள். நாடகம் முடிந்த இரவிலேயே நீளமாகப் பேசாதீர்கள், காப்பிக்கடையில் பத்து நிமிடம் கைதட்டல் கேள்வியை மட்டும் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், மீதியை ஒரு வாரத்துக்குள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். முதல் அரை மணி நேரம் யாரும் கைப்பேசியை எடுத்துத் தகவல் சரிபார்க்கக் கூடாது, அது தொடங்கினால் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். தேதியில் சந்தேகம் வந்தால் அந்தத் தாளைப் பார்த்தால் போதும். நாடகம் நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றால் ஒலிப்பதிவிலிருந்து மூன்று பாட்டு போடுங்கள், ஒன்று அந்தத் தலைவர் ஏழையாக இருந்தபோது, ஒன்று அதிகாரத்தின் உச்சியில், ஒன்று அவரால் பாதிக்கப்பட்டவர்கள் பாடுவது. அந்த மூன்றாவது வகைப் பாட்டு அந்த நாடகத்தில் இல்லவே இல்லை என்று தெரியவந்தால் அன்றைய பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.