தரைப்பல்லியைத் தேடும் முறை: பழனிமலை அடிவாரச் சரிவுகளில்

இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் கெக்கோயெல்லா (Geckoella) வகைத் தரைப்பல்லிகள் சுவர் ஏறுவதில்லை. வீட்டுப்பல்லிக்கு இருப்பதுபோல் விரலடியில் அகன்ற ஒட்டுத்தட்டு இல்லை. மெல்லிய விரல், நுனியில் நகம், அவ்வளவுதான். அதனால் சருகிலும் கல்லடியிலும்தான் தேட வேண்டும்.

கொடைக்கானல் ஊருக்குள் குளிர் அதிகம், அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். வத்தலக்குண்டு பக்கத்துக் கீழ்ச்சரிவுகளில், உரிமையாளர் அனுமதித்த தோப்பிலோ தோட்டத்திலோ பாருங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். காட்டுமாடு நடமாடும் இடத்தில் இரவில் தனியாகப் போகவே கூடாது.

இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தேடுங்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் நல்லது. தலைவிளக்கை நெற்றியில் கட்டி, இரண்டடிக்கு ஒருமுறை நின்று சருகைப் பாருங்கள். வேகமாக நடந்தால் கண்ணில் படாது. அசையாமல் கிடக்கும் பல்லி காய்ந்த இலை மாதிரியே இருக்கும்.

கல்லைப் புரட்டும்போது விரலை அடியில் விடாதீர்கள். கம்பியால் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி, கல் உங்களுக்கும் திறப்புக்கும் நடுவே மறைப்பாக இருக்கும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். சுருட்டை விரியனும் தேளும் அதே இடத்தில்தான் ஒதுங்கும்.

பல்லியைப் பிடிக்க வேண்டாம், வால் கழன்றுவிடும். மறுபடி முளைக்கும் வால் பழைய வடிவத்தில் இருக்காது. வாலில் சேர்ந்த கொழுப்பும் போய்விடும். இரண்டு மூன்று படம் போதும். பிறகு கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழாக வையுங்கள். பல்லி வெளியே நின்றால் கல்லை முதலில் வைத்துவிடுங்கள், அது தானாக விளிம்பு வழியே உள்ளே நுழையும். கல் ஏறுக்குமாறாக உட்கார்ந்தால் அடியிலுள்ள ஈரம் காய்ந்து, அந்த இடம் யாருக்கும் உதவாமல் போகும்.