ஏ1 விடுதலை ஆனால் ஏ3-ம் விடுதலையா? ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் வக்கீல் வந்து தீர்ப்பு நகல் ஒன்றை என் மேசையில் வைத்தார். "சார், ஏ1, ஏ2 ரெண்டு பேரும் விடுதலை. நம்ம ஆள் ஏ3, தலைமறைவா இருந்ததால கேஸைப் பிரிச்சிட்டாங்க. இப்ப ஒரு குவாஷ் போட்டா முடிஞ்சது." ஏ1, ஏ2, ஏ3 என்பவை ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசை எண்கள்; குவாஷ் என்பது வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. அவர் முகத்தில் இருந்த தெம்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. அதே தெம்போடு ஒரு கட்சிக்காரரின் மனைவியிடம் நானும் ஒருகாலத்தில் பேசியிருக்கிறேன்.

வாய்தாவைத் தவறவிடுவது, பிரிவு எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீதிபதியே திருத்திவிடுவார்.

இரட்டைத் தண்டனை என்று மனுவில் எழுதுவது

அரசியலமைப்பின் 20(2) ஒருமுறை தண்டிக்கப்பட்டவருக்கான பாதுகாப்பு. விடுதலையானவரைக் காப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவு, இப்போதைய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 337. இரண்டுமே விசாரணையைச் சந்தித்தவருக்குத்தான். உங்கள் ஏ3 இன்னும் கூண்டிலேயே ஏறவில்லை.

இதற்கு ஆதாரமாகச் சிலர் சாம்பசிவம் வழக்கைக் காட்டுவார்கள். மலாயாவிலிருந்து லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1950-இல் தீர்ப்பான வழக்கு அது. தமிழ்ப் பெயர் என்பதாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். அங்கே தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் விடுதலையானவரும், பிறகு துப்பாக்கிக்காக விசாரிக்கப்பட்டவரும் ஒரே ஆள். அந்த விடுதலை அரசுத் தரப்பைக் கட்டுப்படுத்தியது அவர் விஷயத்தில்தான். பக்கத்தில் நின்றவருக்கு அது குடை பிடிக்காது.

தீர்ப்பை மட்டும் வாங்கி, வாக்குமூலத்தை விட்டுவிடுவது

இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண் சிங் வழக்கில் (ஏஐஆர் தீர்ப்புத் தொகுப்பு, 1965 உச்ச நீதிமன்றம் 1037) தனி விசாரணையில் கூட்டாளி விடுதலையானது மற்றவரைத் தண்டிக்கத் தடையாகவில்லை. ஒவ்வொரு வழக்கும் அதில் வந்த சாட்சியத்தை வைத்தே முடிவாக வேண்டும் என்றது நீதிமன்றம். ராஜன் ராய் வழக்கு ((2006) 1 எஸ்சிசி 191) இன்னும் ஒரு படி மேலே போனது. கூட்டாளியை விடுவித்த தீர்ப்பு, சாட்சியச் சட்டத்தின் 40 முதல் 44 வரையிலான பிரிவுகளின்படி, மற்றவர் விசாரணையில் ஏற்கத்தக்கதே இல்லை. இப்போது அவை பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷிய அதினியம்) 34 முதல் 38 வரை.

சரி, இதெல்லாம் தெரியாமல் நான் என்ன செய்தேன்? வரப்புத் தகராறில் ஓர் அரிவாள் வெட்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307 (கொலை முயற்சி), கூடவே 34 (பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்தது). ஏ1-ம் ஏ2-வும் வெட்டுப்பட்டவரின் சித்தப்பா மகன்கள். என் கட்சிக்காரர் அவர்கள் வயலில் கூலிக்குப் போனவர். பயந்து வெளியூர் ஓடிவிட்டார். முதல் விசாரணைக்குள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, கூண்டில் ஏறி, "இருட்டு. யாரையும் பார்க்கலை" என்று பிறழ்ந்தார். இருவரும் விடுதலை. அந்தத் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு, "தைரியமா சரண்டர் ஆகச் சொல்லுங்கம்மா" என்று அந்த மனைவியிடம் சொன்னேன்.

கூலிக்காரரோடு யாரும் பேசி முடிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது விசாரணையில் அதே அ.சா.1, டார்ச் வெளிச்சத்தில் ஏ3-ஐ நன்றாகப் பார்த்ததாகச் சொன்னார். நான் தீர்ப்பை எடுத்துக் குறுக்கு விசாரணையில் நீட்டினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அது இங்கே சாட்சியம் இல்லை வக்கீல் சார். அவர் முன்னாடி கொடுத்த வாக்குமூலம் இருந்தா காட்டுங்க."

இல்லை. நகல் மனுவில் தீர்ப்பை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

முதல் விசாரணையில் கூண்டில் ஏறிக் கொடுத்த வாக்குமூலம் சாட்சியின் முந்தைய கூற்று. சாட்சியச் சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி (இப்போது பிஎஸ்ஏ 148) முரண்படும் வரியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டி, "இதைச் சொன்னது நீங்கள்தானே?" என்று கேட்டிருக்கலாம். 'கையில் டார்ச் இல்லை' என்ற வரி அதில் இருந்ததை நான் பிறகுதான் படித்தேன். சாட்சியை மறுபடி அழைக்கப் போட்ட மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைக்கும் வரை அவர் 11 மாதம் உள்ளே இருந்தார். "வெட்டுனவங்க டீக்கடையில உக்காந்திருக்காங்க சார்" என்றார் அந்த அம்மா. நான் அப்போது ஏதோ சட்ட விளக்கம் சொன்னதாக ஞாபகம்.

சதியையும் 34-ஐயும் ஒன்றாகக் குழப்புவது

சதிக்கு இரண்டு பேராவது வேண்டும். டோபன்தாஸ் வழக்கில் (ஏஐஆர் 1956 உச்ச நீதிமன்றம் 33) குறிப்பிட்டுச் சொன்ன மற்ற எல்லாரும் விடுதலையான பிறகு மிஞ்சிய ஒருவரைச் சதிக்காகத் தண்டிக்க முடியவில்லை. அதே ஆண்டுத் தொகுப்பில் பிம்பாதர் பிரதான் வழக்கும் இருக்கிறது. அங்கே அப்ரூவரே (குற்றத்தில் பங்கெடுத்து, மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானவர்) சதியில் இன்னொரு ஆளாக இருந்ததால் தண்டனை நின்றது. 34-இலும் 1963-இன் கிருஷ்ண கோவிந்த் பாட்டீல் வழக்கு எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, உதவும்: மூவர் விடுதலையான பின், அவர்களோடு சேர்ந்து செய்தார் என்று நான்காமவரைப் பிடிக்க முடியாது. ஆனால் அது ஒரே விசாரணை. தனி விசாரணை என்றால் மறுபடி கரண் சிங்கிடம்தான் வர வேண்டும். ஜூனியர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

குவாஷ் கிடைக்கவே கிடைக்காது என்பது

இதுவும் தவறுதான். கூட்டாளி விடுதலை என்ற ஒரே காரணம் போதாது என்று கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு மூசா வழக்கில் (2006) சொன்னது. ஆனால் லக்னோவில் 1988-இல் கொல்லப்பட்ட பேட்மிண்டன் வீரர் சையத் மோடியின் வழக்கில், சதித்திட்டம் தீட்டியதாகச் சொல்லப்பட்டவரே விடுவிக்கப்பட்ட பிறகு இன்னொருவர் மீதான நடவடிக்கை ரத்தானதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சம்பவமே பொய் என்று முதல் தீர்ப்பு சொன்னதா, சாட்சி பிறழ்ந்ததால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்ததா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் கட்சிக்காரரின் பணத்தைக் குவாஷில் கரைக்காதீர்கள். தலைமறைவாக இருந்தவருக்குப் பிறழ்சாட்சியின் பலனைத் தட்டில் வைத்துக் கொடுக்க நீதிமன்றம் தயங்குவது, எதிரித் தரப்பு வக்கீலான எனக்கே நியாயமாகத்தான் படுகிறது.

"கொஞ்ச நாள் ஒளிஞ்சிருக்கட்டும்" என்பது

சொல்லாதீர்கள்.

அந்த ஜூனியரிடம் அ.சா.1 என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். தீர்ப்பின் 14-ஆவது பத்தியைத் திருப்பினார். தீர்ப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலத்துக்கும் நகல் மனு எழுதச் சொன்னேன். "குவாஷ் சார்?" என்றார். மணி நாலரை ஆகியிருந்தது. நகல் பிரிவு மூடுவதற்குள் ஓடச் சொன்னேன்.