லாட்ஜ் கீசர்களுக்குக் காண்டாக்டரும் டைமரும்: எதைப் பார்த்து வாங்குவது?

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் நாலரைக்கே வெந்நீர் கேட்பார்கள். அதற்காக இரவு முழுக்க கீசரைப் போட்டு வைக்கத் தேவையில்லை. 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 27 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் போதும். குறித்த நேரத்தில் தானே போட்டு அணைக்கும் டைமர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். ஆறு கீசர் என்றால் 12 கிலோவாட். மூன்று பேஸிலும் இரண்டிரண்டாகப் பிரித்தால் பேஸுக்கு 17.4 ஆம்ப். டைமரின் காண்டாக்ட் பெரும்பாலும் 16 ஆம்ப்தான், அதுவும் ஒரே ஒரு பேஸைத்தான் போட்டு அணைக்கும். காண்டாக்டர் என்பது காயிலுக்குக் கரண்ட் வந்ததும் காந்தத்தால் இழுத்து மூன்று பேஸையும் இணைக்கும் பெரிய ஸ்விட்ச். அதனால் டைமர் காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், லோடைக் காண்டாக்டர் சுமக்கட்டும்.

காண்டாக்டர் லேபிளில் இரண்டு ரேட்டிங் இருக்கும். ஏசி-3 மோட்டாருக்கு, ஏசி-1 ஹீட்டருக்கு. கடையில் '9 ஆம்ப்' என்று சொல்வது ஏசி-3 கணக்கு. அதே சாமான் ஏசி-1-இல் பொதுவாக 25 ஆம்ப் தாங்கும். கணக்குப்படி அதுவே போதும். ஆனால் மூடிய பெட்டிக்குள், மே மாதச் சூட்டில், மணிக்கணக்காக ஓடும்போது தாங்கும் அளவு குறையும். ஒரு படி மேலே, ஏசி-3-இல் 18, ஏசி-1-இல் 32 ஆம்ப் உள்ளதை எடுங்கள். விலை வித்தியாசம் அதிகமிருக்காது.

காயில் 230 வோல்ட்டா 415-ஆ என்று பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். 415 காயிலுக்கு 230 கொடுத்தால் சரியாக இழுக்காமல் உறுமும். லோ வோல்டேஜிலும் இதே கதைதான்: சப்ளை சுமார் 195-க்குக் கீழே போனால் காண்டாக்ட் படபடத்து, கருகி, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு டைமர் ஆஃப் ஆனாலும் கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை, டைமர் ஆஃப் நேரத்தில் அவுட்புட் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நியூட்ரலைக் காண்டாக்டர் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். நியூட்ரல் வயர்கள் சேரும் பித்தளைப் பட்டையிலிருந்து (பார்) நேராக எடுத்து, ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு பேஸ் கீசர்கள் 415 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் கீசரை நிறுத்தும் ஸ்விட்ச்) கட் ஆகிக் கீசர் குறைந்தால், மீதமுள்ளதற்கு வோல்டேஜ் எகிறும்.

டைமரில் பேட்டரி ரிசர்வ், அதாவது கரண்ட் போனாலும் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி, கட்டாயம். இல்லாத டயல் டைமர், இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் பின்தங்கும். மூன்று மணிக்குப் போடவேண்டியது ஐந்துக்குப் போடும். சபரிமலை சீசனில் அந்தத் திட்டை ரிசப்ஷன் பையன்தான் வாங்குவான்.

முடிந்தால் இரண்டு டைமர், இரண்டு காண்டாக்டர். முதல் குழு 3.15-க்கு, அடுத்தது 3.50-க்கு. அதற்குள் முதல் குழுவின் தெர்மோஸ்டாட் கட் ஆகிவிடும், லோடு ஒரேயடியாக ஏறாது.

ஒவ்வொரு கீசருக்கும் 16 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் அணையும் பிரேக்கர்), 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் பிரேக்கர்). காயிலுக்குத் தனியாக 2 ஆம்ப் எம்சிபி. காண்டாக்டர் ஆஃப் என்பதை நம்பிக் கீசரைத் திறக்கக் கூடாது. சப்ளையைத் துண்டிக்கும் மெயின் ஸ்விட்சான ஐசொலேட்டரை அணைத்த பிறகுதான். வயரிங்கை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடமே கொடுங்கள்.

கடலோரம் என்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பிளாஸ்டிக் பெட்டி, வயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் (முனைக் கொக்கி). வயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், வயர் நுழையும் ஓட்டையை அடைக்கும் கிளாண்டை இறுக்குங்கள். உப்புக்காற்றில் காப்பர் முனை பச்சை பூத்தால் அந்த இடம் சூடேறும். கிளாண்ட் போடாத ஓட்டை வழியாகப் பல்லியும் வரும்.