சீட்டின் கடைசி வரி: ஈரல் நோயாளியின் குடிநோய் சிகிச்சையில் நடக்கும் தவறுகள்

மஞ்சள் காமாலையும் நீர் கோத்த வயிறுமாக வந்து, பத்து நாள் வார்டில் கிடந்து வீட்டுக்குக் கிளம்புபவரின் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்கள். நீர் பிரிய ஒரு மாத்திரை, மலம் இளகிப்போக லாக்டுலோஸ், வைட்டமின் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் 'குடியை அறவே நிறுத்தவும்' என்றிருக்கும். அந்த வரிக்கு மட்டும் அளவும் கிடையாது, வேளையும் கிடையாது.

அந்தச் சீட்டிலேயே அதிகம் பலன் தரக்கூடியது அந்த வரிதான். வெறும் கொழுப்பு படிந்த நிலையில் இருக்கும் ஈரல், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலும் தேறிவிடும். சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன நிலை, வந்துவிட்டவர்களிலும் நிறுத்தியவர்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆனால் ஈரல் டாக்டர், "அது மனநல டாக்டர் பார்க்க வேண்டியது" என்கிறார். மனநல டாக்டரோ ரத்தப் பரிசோதனைத் தாளில் பிலிருபின் என்ற மஞ்சள் காமாலை அளவைப் பார்த்ததும், "முதலில் ஈரல் சரியாகட்டும்" என்று திருப்பி அனுப்புகிறார். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை.

அறையில் பூட்டி வைத்தால் போதும் என்பது

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடும் பிதற்றல் நிலை வரலாம். அதில் இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவார்கள், காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஆகவே, ஏற்கெனவே ஈரல் கெட்டவருக்கு நிறுத்தும் முதல் வாரம் மருத்துவமனையில் கழிவதுதான் நல்லது.

மருத்துவமனையிலும் ஒரு குழி உண்டு. ஈரல் செயலிழந்து நச்சு மூளைக்கு ஏறினாலும் ஆள் குழம்புவார், குடியை விட்டதாலும் குழம்புவார். இரண்டுக்கும் மருத்துவம் எதிரெதிர். பிதற்றலுக்குத் தூக்க மருந்து வகை தேவை. ஈரலால் வந்த குழப்பத்துக்கு அதையே கொடுத்தால் ஆள் மயக்கத்துக்குள் போய்விடுவார்.

கைகளை நீட்டச் சொல்லிப் பாருங்கள். குடியை விட்டவரின் விரல்கள் பொடிப்பொடியாக, வேகமாக நடுங்கும். உடம்பு வியர்த்திருக்கும், ஆள் நிலைகொள்ளாமல் இருப்பார். ஈரல் குழப்பத்தில் இருப்பவரை, ஒரு வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையை முன்னால் காட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால், கை சட்டென்று தொய்ந்து விழும், உடனே எழும்பும், மறுபடி விழும். பறவை சிறகடிப்பது போல இருக்கும். ஆள் சோம்பிக் கிடப்பார். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் இதை வீட்டில் யாரும் தாங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் "கடைசியாக எப்போது குடித்தார்?" என்ற கேள்விக்குச் சரியான மணிக்கணக்கைச் சொல்ல வீட்டாரால் மட்டுமே முடியும். மானத்துக்குப் பயந்து அதை மறைத்துவிடுகிறார்கள்.

மருந்துத் தேர்விலும் சறுக்கல் நடக்கிறது. பிதற்றலுக்குத் தரும் அந்தத் தூக்க மருந்து வகையில் டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு இரண்டும் ஈரல் கெட்டவரின் உடம்பில் கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். அதே வகையைச் சேர்ந்த லோராசெபாம் அவ்வளவு சேராது. அதையும் நேரத்துக்கு நேரம் கண்மூடிக் கொடுக்காமல், அறிகுறியைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு. தயமின் (வைட்டமின் பி1) ஊசியை மறந்துவிட்டு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது இன்னொரு பழைய தவறு. தயமின் வற்றிப்போனால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடவும் கூடும்.

தெரியாமல் கலந்து கொடுப்பது

இதைப் படிப்பவர்களில் சிலராவது செய்திருப்பீர்கள், அல்லது செய்யச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குடியை நிறுத்த வைப்பதற்காகச் சாப்பாட்டில் கலக்கும் அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிரம். குடித்த மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு உடைந்து வெளியேற வேண்டும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். மருந்து உள்ளே போயிருப்பதே தெரியாதவர் அன்றைக்கும் வழக்கம்போலத்தான் குடிப்பார். தவிர, டைசல்ஃபிரமே சிலருக்கு ஈரலை மோசமாகத் தாக்கும். ஈரல் நோய் உள்ளவருக்குத் தெரிந்தே கொடுக்கக்கூடாத மருந்து இது. ரகசியமாகக் கொடுப்பதைப் பற்றி என்ன சொல்ல?

'ஈரல் தாங்காது' என்று எந்த மருந்தும் தராதது

மேலே சொன்னதற்கு நேர் எதிரான தவறு. சத்தமில்லாமல் நடக்கிறது. குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் எல்லாமே ஈரலைக் கெடுக்கும் என்று பொதுவாக ஒரு பயம். அவற்றில் ஒன்றான அகாம்ப்ரோசேட்டை ஈரல் தொடுவதே இல்லை, அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை. சிரோசிஸில் சிறுநீரகமும் சோர்ந்துபோவதால் அளவைக் குறைக்க வேண்டிவரும், சிலருக்குத் தரவே முடியாது. இன்னொரு மருந்தான பேக்லோஃபென் சிரோசிஸ் நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டது. 2007-ல் லான்செட் இதழில் வந்த இத்தாலிய ஆய்வில், 10 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 12 வாரம் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதம். சிறிய ஆய்வுதான், மொத்தம் 84 பேர். ஈரலால் மூளைக் குழப்பம் வந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. மூன்றாவது மருந்தான நால்ட்ரெக்ஸோன் மீது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு போட்டிருந்த ஈரல் குறித்த கட்டமிட்ட எச்சரிக்கை 2013-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பலர் இன்னும் பழைய எச்சரிக்கையிலேயே நிற்கிறார்கள். அதற்காக ஈரல் முற்றிலும் தளர்ந்தவருக்கு அதை யோசிக்காமல் எழுதிவிடவும் கூடாது.

மருந்தோடு ஆலோசனையும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்பதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் வரவழைக்கும். பாராசிட்டமாலைக் கண்டு அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். டாக்டர் சொன்னபடி நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல் எடுப்பது அவற்றைவிடப் பாதுகாப்பு. புரதத்தை நிறுத்தச் சொல்வது காலாவதியான அறிவுரை. இந்த நோயாளிகளின் தசை ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது. இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பது நல்லது. "பீர் மட்டும்?" என்று கேட்டால், அதிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான்.

ரத்தப் பரிசோதனையைப் போலீஸ்காரராக்குவது

ஈரல் என்சைம்கள் இயல்பாக இருந்தால் குடிக்கவில்லை என்று பொருளில்லை. முற்றிய சிரோசிஸில் அவை ஏறாமலே இருக்கக்கூடும். குடித்திருக்கிறாரா என்பதை பெத் (PEth) என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு முதல் நான்கு வாரம் வரை பின்னோக்கிக் காட்டும். நல்ல கருவி. ஆனால் அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சொல்லாமல் எடுத்து, மேஜையில் தாளைத் தட்டி, "மாட்டிக்கொண்டீர்களா!" என்றால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். மறுபடி ரத்த வாந்தியோடுதான் வருவார்.

குடிநோயில் மறுபடி குடிப்பது சகஜம். அப்படிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் "ஏன் குடித்தீர்கள்?" என்று கேட்டால் தலை குனியும், பதில் வராது. "என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு? முந்தின நாள் மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். அதைக் கேட்டுக்கொண்டே, சீட்டின் கடைசி வரிக்குப் பக்கத்தில் மருந்தின் பெயர், வேளை, மனநல டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி மூன்றையும் எழுதிக்கொடுக்கலாம்.