சின்னப் பிள்ளையோடு மலையகத்துக்குக் குடிவருகிறீர்களா? ஊரும் வீடும் பார்க்கும் முறை

கொழும்பில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, மகளுக்கு மூன்றரை வயதானபோது ஹட்டன் பக்கம் திரும்பி வந்தோம். வீடு பார்த்தது பெப்ரவரியில். நல்ல வெயில், ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை, வாடகையும் கையைக் கடிக்கவில்லை. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஜூன் மாதம் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். மகளின் கம்பளித் தொப்பியில் நனைந்த சாக்கு வாடை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று தடவை அவளுக்கு மூச்சு இழுத்து, ராத்திரியில் ஆவி பிடிக்கத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

செப்டெம்பரில் கொட்டகலைக்கு மாறினோம். இரண்டாம் தடவை தேடும்போது கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பிள்ளையின் ஒரு மழை நாளை மனதில் வைத்துத் தேடுங்கள். காலையில் எப்படிப் பள்ளிக்குப் போகும், நனைந்து வந்தால் எங்கே துணி காயும், ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்குவீர்கள் என்று யோசித்தாலே பாதி வீடுகள் கழிந்துவிடும்.

படி 1: எந்தப் பக்கத்து மழை என்று பாருங்கள்

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழை எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பிடிக்கும். வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்தில் அந்த மாதங்கள் ஓரளவு காய்ந்து கிடக்கும். அங்கே மழை வருஷக் கடைசியில்தான் வலுக்கும்.

உயரமும் முக்கியம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், பண்டாரவளை 1,200ஐத் தாண்டும், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதுண்டு. பிள்ளைக்கு இழுப்பு, தொய்வு இருந்தால் ஊரைத் தீர்மானிக்கும் முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

படி 2: பாடசாலையிலிருந்து வீட்டை நோக்கி வாருங்கள்

பலர் வீட்டைப் பிடித்துவிட்டுப் பிறகு பாடசாலை தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாகியிருந்தால்தான் அந்த வருஷம் முதலாம் தரம். விண்ணப்பம் முந்திய வருஷமே போய்விட வேண்டும். ஆகவே மூன்று, நான்கு வயதிலேயே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அரசாங்கப் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் போட்டால், எத்தனை வருஷமாக வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு என்ன பத்திரம் இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். புதிதாக வருகிற நமக்கு அதில் குறையத்தான் செய்யும். இன்னொன்றையும் கவனியுங்கள். தூரத்தை நேர்கோட்டில் அளந்து, நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி கழிப்பார்கள். நம் மலையில் நேர்கோடு ஒன்று, கால் போகிற பாதை வேறொன்று. எதிர்மலையில் தெரிகிற பள்ளிக்கூடம் வரைபடத்தில் பக்கத்தில்தான், நடந்தால் ஆற்றைச் சுற்றி ஒரு மணித்தியாலம். பாடசாலை அனுமதிக்கான அந்த வருஷத்துச் சுற்றுநிருபத்தை வாங்கி, வீட்டு முன்பணம் கொடுக்கும் முன்பே வாசித்துவிடுங்கள்.

தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய பாடசாலைகள் பல தரம் 5 உடன் முடிகின்றன. ஆரம்ப வயதுக்கு அது வசதிதான், ஆசிரியர்களுக்குப் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, வீடும் தெரிந்திருக்கும். ஆனால் தரம் 6க்கு டவுன் பஸ். முதல் பஸ் எத்தனை மணிக்கு, மழை நாளில் அது தோட்டத்தின் மேல் பிரிவு (டிவிசன்) வரைக்கும் வருமா என்று இப்போதே விசாரியுங்கள்.

படி 3: ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்?

கிலோமீற்றரைக் கேட்காதீர்கள், முடுக்குகள் நிறைந்த ரோட்டில் அதற்கு அர்த்தமில்லை. ராத்திரி பத்து மணிக்கு த்ரீவீலில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஹட்டன் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவுக்குப் பதுளை பெரியாஸ்பத்திரி. சிறுவருக்கென்றே உள்ளது பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் உங்கள் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டுக்குத் தூக்கிவர வேண்டுமா என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

படி 4: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பாருங்கள்

இதில் மட்டும் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து, லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை மண்சரிவுகள்!

வீட்டைச் சுற்றி மெதுவாக ஒரு நடை போங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டி, சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கவே இடமில்லாமல் கட்டியிருந்தால் வேண்டாம். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று, திடீரென்று கலங்கி வரும் தண்ணீர், மூட முடியாமல் இறுகிய கதவு எல்லாமே எச்சரிக்கை. தடுப்புச்சுவர் இருந்தால் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருக்கிறார்களா, வடிகான் அடைபடாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையோடு கட்டிய வீடா என்று உரிமையாளரிடம் கேளுங்கள், கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். பெருமழைக்கு எந்த வரிசை வீட்டு ஆட்களை வெளியேற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். சிவப்பு என்றால் பிள்ளையோடு உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

படி 5: பிள்ளையோடு நடந்து பாருங்கள்

கொட்டகலை வீட்டைப் பார்க்கப் போனபோது நான் தனியாக முன்பள்ளிக்கு நடந்தேன், பதினொரு நிமிடம். அடுத்த நாள் மகளோடு, தூறலில், குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபத்தாறு நிமிடம். ஒற்றையடிப் பாதையில் பாசி பிடித்த படிகள். ஒவ்வொரு படிக்கும் அவள் என் விரலைப் பிடித்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். பீலிக்கரையில் (ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில்) பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "இந்தப் பக்கமா வராதீங்க தங்கச்சி, கோயில் வழியா போங்க, புள்ளைக்கு லேசு" என்றார். கோயில் வழி சுற்றுதான், ஆனால் படியே இல்லை. வீட்டை எடுத்தது அந்த வழி இருந்ததால்தான். பாதை தேயிலைக்குள்ளால் போனால் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுவிடுங்கள்.

படி 6: வீட்டுக்குள்

முடிந்தால் மழை நாளிலேயே போங்கள். அலுமாரிக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ற் ஒரு சுவரில் மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். காலை வெயில் எந்த அறைக்குள் விழுகிறதோ அதைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். துணி காயக் கூரை போட்ட இடம் வேண்டும். தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் வந்தால் பெருமழைக்குக் கலங்கும், கொதிக்கவைக்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

படி 7: சாவி கைக்கு வந்த வாரம்

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கும் வேலையைத் தொடங்குங்கள், முதலாம் தரத்துக்கு ஒவ்வொரு வருஷமும் கணக்கு. அப்புறம் பிள்ளைகளின் கிளினிக்கைப் பார்க்கும் அந்தப் பிரிவு மருத்துவிச்சியைத் தேடிப் பிடியுங்கள். பழைய இடத்துக் கிளினிக் அட்டையை மறக்காமல் கொண்டுபோனால், 3 வயது, 5 வயது ஊசிகளில் எது பாக்கி என்று பார்த்து, அடுத்த கிளினிக் எந்தக் கிழமை, எந்த மண்டபத்தில் என்று அவரே எழுதித் தருவார்.