‘டு ஐ’ ஏன் தவறு? தமிழ் இலக்கணம் வழியே ஆங்கில முன்னிடைச்சொல்

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண் என் மாலை வகுப்புக்கு வருகிறார். வெளிமாநிலத்து வாடிக்கையாளர்களிடம் தயங்காமல் ஆங்கிலம் பேசவேண்டும் என்பது அவருடைய ஆசை. போன வாரம் நோட்டில் ‘கிவ் தி பில் டு ஐ’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு, “பில்லை நானுக்குக் கொடுங்கள் என்று சொல்வீர்களா?” என்று கேட்டேன். ஒரு கணம் விழித்தார். பிறகு தானே ‘ஐ’யை அடித்துவிட்டு ‘மீ’ என்று எழுதினார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன், முதலில் காதுக்குப் பழகட்டும். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழில் ஆல், ஓடு, கு, இல் போன்ற வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் தனியாக, பெயருக்கு முன்னால் நிற்கிறது. அதனால்தான் அதற்கு முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) என்று பெயர். கத்தியால் என்பது ‘வித் எ நைஃப்’. எழும்பூரிலிருந்து என்பது ‘ஃப்ரம் எக்மோர்’.

பெயருக்கு அடைமொழி இருந்தால் என்ன செய்வது? ‘அந்தப் பழைய பெட்டியில்’ என்பதில் உருபு கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும்: ‘இன் தட் ஓல்ட் பாக்ஸ்’. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நிற்கும்போது அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள். ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் ‘ஃப்ரம்’, ‘டு’ என்று வரிசையாக விழும். காசில்லாத பயிற்சி அது.

படி 2: பெயர் மாறாது, பிரதிப்பெயர் மாறும்

மரம், மரத்தில். வீடு, வீட்டில். ஆறு, ஆற்றில். உருபு வந்து ஒட்டினால் தமிழில் பல பெயர்கள் உருமாறிவிடும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. எந்த முன்னிடைச்சொல் வந்தாலும் ‘ட்ரீ’ என்பது ‘ட்ரீ’தான்.

நான், நீ போன்ற பிரதிப்பெயர்கள் அப்படியில்லை. தமிழில் நான் என்பது ‘என்’ ஆகி எனக்கு, என்னோடு என்று வருகிறது. நாம் ‘நம்’ ஆகிறது, நீ ‘உன்’ ஆகிறது. ஆங்கிலத்திலும் முன்னிடைச்சொல்லுக்குப் பின் ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகும், ‘வீ’ என்பது ‘அஸ்’ ஆகும், ‘ஹீ’ என்பது ‘ஹிம்’, ‘ஷீ’ என்பது ‘ஹர்’, ‘தே’ என்பது ‘தெம்’. ‘யூ’, ‘இட்’ இரண்டும் மாறுவதில்லை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் நான் மாறுகிறது, ஆனால் அவன் மாறுவதில்லை: அவனுக்கு, அவனோடு, அவனிடம். அவள், அவர்கள் கதையும் அதுவே. ஆகவே ‘டு ஐ’ என்று எழுதினால் ‘நானுக்கு’ என்று காதில் இடிக்கும். ‘டு ஹீ’ என்று எழுதினால் எதுவும் இடிக்காது. என் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘ஹிம்’, ‘ஹர்’, ‘தெம்’ மூன்றையும் ‘வித் ஹிம்’, ‘ஃபார் ஹர்’, ‘ஃப்ரம் தெம்’ என்று முன்னிடைச்சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் இன்னொரு சோதனை. ‘அக்காவுக்கும் எனக்கும்’ என்று தமிழில் உருபை இரண்டு முறை போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே ‘ஃபார்’ இருவருக்கும் பொது. அந்த ‘ஃபார்’ தூரத்தில் நிற்பதால் ‘ஃபார் மை சிஸ்டர் அண்ட் ஐ’ என்று எழுதிவிடத் தோன்றும். அக்காவைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: ‘ஃபார் ஐ’. தவறு உடனே தெரிந்துவிடும். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதும் இதே கணக்குதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பலர் அங்கே ‘ஐ’ போட்டுவிடுகிறார்கள்.

படி 3: ஒரே ‘இல்’, மூன்று சொற்கள்

சென்னையில், அண்ணா சாலையில், சிக்னலில். தமிழுக்கு எல்லாம் ‘இல்’. ஆங்கிலமோ இடத்தின் வடிவத்தைப் பார்க்கிறது. ஊர் நம்மைச் சூழ்ந்திருக்கிறது, அதனால் ‘இன் சென்னை’. சாலை நீண்ட கோடு, அதனால் ‘ஆன் அண்ணா சாலை’. சிக்னல் ஒரு புள்ளி, ஆகவே ‘அட் தி சிக்னல்’.

காலத்துக்கும் இதே சொற்கள்தான். சென்னையில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டைச் சொன்னால் ‘இன் 2015’. நாளைச் சொன்னால் ‘ஆன் ஜூன் 29’. மணியைச் சொன்னால் ‘அட்’.

வண்டிகளில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் இருப்பவர் ‘ஆன் தி பஸ்’ என்பார். ஆட்டோவில் இருப்பவர் ‘இன் தி ஆட்டோ’ என்பார். எழுந்து நின்று நடக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். பஸ், ரயில், விமானத்தில் இருக்கிறது, அவற்றுக்கு ‘ஆன்’. ஆட்டோவிலும் காரிலும் இல்லை, அவற்றுக்கு ‘இன்’. பைக்கின் மேல் உட்காருகிறோம், எனவே ‘ஆன்’. ‘இன் தி பஸ்’ என்றால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் ‘ஆன்’தான் அதிகம் புழங்குவது.

படி 4: உருபை நம்பக் கூடாத இடங்கள்

‘எனக்குத் தெரியும்’ என்பதில் ‘கு’ இருக்கிறது. அதற்காக ‘டு மீ’ தேடாதீர்கள். ‘ஐ நோ’ என்றால் போதும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது ‘ஐ ஆம் ஹங்க்ரி’. ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்பது ‘ஐ ஹேவ் மனி’. ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பதிலும் ‘டு’ கிடையாது: ‘ஐ ஆம் கோயிங் ஹோம்’.

சில வினைகள் தமக்கென்று ஒரு முன்னிடைச்சொல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாட்டைக் கேட்டால் ‘லிசன் டு’. என்னைப் பார்த்தால் ‘லுக் அட் மீ’. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். ‘பற்றி’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்வது நம்மிடம் ஊறிப்போன பிழை. என் மேல் கோபம் என்றால் ‘ஆங்க்ரி வித் மீ’. கணக்கில் கெட்டிக்காரி என்றால் ‘குட் அட் மேத்ஸ்’. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ‘லிசன்டு’ என்பதை ஒரே சொல் போல மனத்தில் பதியுங்கள்.

படி 5: நோட்டைத் திறங்கள்

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்றைக்கு நீங்கள் உண்மையாகவே பேசிய தமிழ் வாக்கியம், உருபுக்கு அடிக்கோடு. வலப்பக்கம் ஆங்கிலம், முன்னிடைச்சொல்லுக்கு அடிக்கோடு. நாளைக்கு ஐந்து போதும். இன்றைக்கு மூன்றை நான் தருகிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

அவர்களுக்காகச் சிக்னலில் காத்திருந்தேன்: ‘ஐ வெயிட்டட் ஃபார் தெம் அட் தி சிக்னல்’.

அவன் எங்களோடு பஸ்ஸில் வந்தான்: ‘ஹீ கேம் வித் அஸ் ஆன் தி பஸ்’.

இந்தப் புடவைகள் அவளுக்கும் எனக்கும்: ‘தீஸ் சாரீஸ் ஆர் ஃபார் ஹர் அண்ட் மீ’.

துணிக்கடைப் பெண் முதல் இரண்டையும் சரியாக எழுதிவிட்டார். மூன்றாவதில் ‘ஃபார் ஷீ அண்ட் மீ’ என்று இருந்தது. ‘மீ’ இந்த முறை தவறவில்லை. ‘அண்ட் மீ’யைக் கையால் மறைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டு, பேனாவை எடுத்தார்.