ஊசிப் புண்ணுக்கு மருந்து கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப்பொருளை ஊசியில் ஏற்றுகிறவரின் புண்ணை முதலில் பார்ப்பது டொக்டர் இல்லை. கூட இருக்கிற கூட்டாளி, இல்லாவிட்டால் தீங்கு குறைப்பு வேலையில், அதாவது போதைப்பொருள் பாவிக்கிறவருக்கு வரும் கெடுதியைக் குறைக்கிற வேலையில் இருக்கிற உங்களைப் போன்ற ஒருவர். இலங்கையில் தூளை, அதாவது ஹெரோயினை, புகையாக இழுக்கிறவர்கள்தான் அதிகம், ஊசி ஏற்றுகிறவர்கள் குறைவு. அதனாலேயே மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இந்தப் புண்களைப் பார்த்துப் பழகியவர்களும் குறைவு, வீட்டு வைத்தியந்தான் நடக்கிறது.

டெட்டோலில் தொடங்குவோம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அதே ரகம்தான். எரிந்தால்தான் கிருமி சாகும் என்று சின்ன வயதிலிருந்தே நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஆனால் திறந்த புண்ணில் இவை புதிதாக வளர்கிற தசையையும் சேர்த்தே கெடுக்கும். அதைவிடப் பெரிய நட்டம், ஒருமுறை எரிவுபட்டவர் மருந்து மாற்ற மறுபடி வரமாட்டார். சேலைன் போதும். அது இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. மஞ்சள், பற்பசை, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

"காத்துப் படட்டும், தானாக் காயும்" என்பது அடுத்தது. ஈரப்பதம் உள்ள புண் வேகமாக மூடும் என்பதை ஜோர்ஜ் விண்டர் 1962இலேயே பன்றிகளில் செய்த ஆய்வில் காட்டிவிட்டார். ஒட்டாத துணி வைத்து மூடுங்கள். ஆனால் நம் ஊர் வெயிலில் வேர்த்து ஊறிப்போன கட்டை அப்படியே விடக்கூடாது, நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், வீங்கிய கையில் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

கட்டியில்தான் ஆபத்தான பிழைகள் நடக்கின்றன. சிதளை நெருக்கி எடுப்பது, பிளேட்டால் கீறுவது, பாமசியில் நாலு அன்டிபயோட்டிக் குளிசை வாங்கி விழுங்கிவிட்டுப் படுப்பது. சிதள் கட்டிய கட்டிக்குக் குளிசை மட்டும் பெரும்பாலும் போதாது, ஆஸ்பத்திரியில் கீறி வடிக்க வேண்டும். நெருக்கினால் தொற்று உள்ளேதான் போகும். அதுவும் தொடை இடுக்கிலோ கழுத்திலோ நாடி துடிக்கிற மாதிரித் துடிக்கும் வீக்கம் என்றால் கையே வைக்காதீர்கள், அது இரத்தக்குழாய் பழுதடைந்து வந்த வீக்கமாக இருக்கலாம், கீறினால் நிறுத்த முடியாத இரத்தம் வரும். சிவந்து பரவுகிற இடமா? ஓரத்தைப் பேனையால் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பார்க்கச் சின்னப் புண்ணாக இருந்தும் வலி தாங்க முடியாமல் கத்துகிறார், தோல் கறுக்கிறது, நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கிறது, தாடை இறுகுகிறது, இமை தொங்கி எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போவாரா? இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். ஓபிடியில் நிற்கிற மிஸ்ஸி (தாதி) அவருடைய பெரியம்மாவின் மகளாக இருப்பார். வாசலில் பொலிஸ் நிற்குமோ என்ற பயம் வேறு, 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸின் யுக்திய நடவடிக்கை தொடங்கிய பிறகு அந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளவும் முடியாது. ஆகவே "போ மனே" என்று சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனால் அவரும் வீட்டுக்குத்தான் போவார். கூடப் போங்கள். மட்டக்களப்பில் முகம் தெரியும் என்றால் கல்முனைக்குக் கூட்டிப் போகலாம், உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் பக்கத்து ஆஸ்பத்திரிதான். வாட்டில் நிறுத்தினால் தூள் கிடைக்காமல் முதல் இரவே உடம்பு உதறத் தொடங்கும், மருந்துக்கு முன்னாலேயே ஆள் மதில் ஏறிவிடுவார், அதனால் என்ன பாவிக்கிறார் என்பதை அவருடைய சம்மதத்தோடு டொக்டரிடம் முதலே சொல்ல வேண்டும்.

புண்ணைக் கழுவிக்கொண்டே புத்தி சொல்வதை விட்டுவிடுங்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எதையும் கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அடுத்த ஊசியை எங்கே போடப் போகிறீர்கள்? புண்ணிலும் அதைச் சுற்றியும் போடக்கூடாது, போடுகிற இடத்தையும் கையையும் முதலில் சோப்பால் கழுவ வேண்டும், ஊசி முனையை நாக்கால் தொடக்கூடாது, தூளைக் கரைக்கத் தேசிக்காய்ப் புளி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து பூஞ்சைத் தொற்று கண்வரைக்கும் போகும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்றும் கேட்டு வையுங்கள். போகும்போது இரண்டு மூன்று தடவை மாற்றப் போதுமான கோஸும் சேலைனும் பிளாஸ்டரும் கொடுத்தனுப்புங்கள், கூட்டாளிக்கும் சேர்த்து.